டிங்கா எடுத்த ஒப்பாரி

எங்கள் டிங்கா நாற்பது நாற்பத்தைந்து படங்களில் நடித்திருப்பாள். அதில் பாதிப் படங்களில் செத்துப்போவாள். விஷம் குடித்துச் சாவாள், குண்டு பாய்ந்து சாவாள், ஒரு படத்தில் பாவம், ஒட்டகத்திலிருந்து விழுந்து செத்தாள். அமெரிக்காவில் சான் பீட்ரோ துறைமுகத்தில் குடியேறியிருந்த எங்கள் தீவுச் சனம் தியேட்டரில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, "இந்தத் தடவையாவது கல்யாணம் வரைக்கும் உசுரோட இருப்பாளா?" என்று பந்தயம் கட்டும். பெரிய நட்சத்திரம் என்று சொல்ல மாட்டேன். போஸ்டரில் அவள் பேர் அடியில், அச்சகத்தின் பேருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

அவள் எனக்குப் பெரியம்மா மகள். என் அம்மாவும் அவள் அம்மா பெரினாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவள் அப்பா நிக்ஷா, கோமிஷா ஊர்ப் பார்த்துலுக்கும் ஃப்ராங்காவுக்கும் தலைச்சன் பிள்ளை. பார்த்துலின் அப்பாதான் ஒற்றைக்கண் ஸானே. எங்கள் சனத்தில் ஒருவர் செத்தால் அவரை ஒழுங்காக அழ வேண்டும். ஒழுங்காக அழ வேண்டுமென்றால் இந்தப் பேரெல்லாம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். அதனால் சொல்லி வைத்தேன்.

கோமிஷா இருக்கும் எங்கள் தீவில் திராட்சைக்கொடிகள் நோய் கண்டு பட்டுப்போன காலத்தில் நிக்ஷா பெரியப்பா பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தார். டிங்காவுக்கு அப்போது பத்து வயது. கன்னியர் பள்ளியில் படிக்கட்டும் என்று ஸ்பிளிட் பட்டணத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அவள் படித்தாள், பதினேழு வயது வரைக்கும். அதற்குப் பிறகு ஊருக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனியோடு கிளம்பிப் போய்விட்டாள். கப்பலில் வந்த ஊர்க்காரன் ஒருவன் சேதி சொன்னபோது பெரியப்பா வலை காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். "கூத்தாடப் போனவ எம் மக இல்ல!" என்று துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அந்தச் சத்தம் ஊர்க்காரர்கள் வாய் வழியாகவே திரும்பி ஸ்பிளிட் போய், அங்கிருந்து வியன்னாவில் ஊமைப் படத்தில் நடித்துக்கொண்டிருந்த டிங்காவின் காதிலும் விழுந்துவிட்டது. நல்ல சேதி அவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

ஹாலிவுட்காரன் ஒருவன் வியன்னாவில் அவள் படத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் அனுப்பினான். அவள் வந்து இறங்கியபோது பெரியப்பா காணாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மத்தி மீன் பிடிக்கப் போன இடத்தில், வலையைச் சுற்ற சின்னத் தோணியில் தனியாக இறங்கியிருக்கிறார். பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது. மூட்டம் விலகியபோது தோணியும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு துடுப்பு, ஒரு தொப்பி, எதுவும் கரை ஒதுங்கவில்லை. ஒதுங்கியிருந்தால் பெரியம்மா நம்பியிருப்பாள்.

ரயிலடியில் டிங்கா இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி அப்பாவைப் பற்றித்தான். நான் சின்னப்பெண், அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா வரலியாம்மா? இன்னும் கோவமா?"

"கடலுக்குப் போயிருக்கார். வந்துருவார்."

டிங்கா என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்கு வைக்கிற தட்டு ஒன்று மேசையில் கூடுதலாக இருந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது.

எங்கள் வழக்கத்தில் ஒப்பாரியைப் பெண்டாட்டிதான் முதலில் எடுக்க வேண்டும். அவள் எடுத்த பிறகு மகள், அக்கா தங்கை, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். எடுத்துவிட்டால் மனுஷன் செத்துவிட்டான் என்று அர்த்தம். மறுநாள் முதல் கறுப்பு உடுத்த வேண்டும், தட்டை எடுத்துவிட வேண்டும். பெரியம்மா எடுக்கவில்லை. பூப்போட்ட தலைத்துணிதான் கட்டுவாள். தெற்கே மெக்சிகோ கரையில் ஒதுங்கியிருப்பார், அங்கே யாராவது வைத்துச் சோறு போடுவார்கள் என்பாள். பங்குச் சாமியார் ஒரு தடவை, "இறந்தோர் பூசை ஒண்ணு வச்சிரலாமா, பெரினா?" என்று கேட்டார். "யாருக்கு சாமி?" என்று பெரியம்மா கேட்ட கேள்வியில் அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆக டிங்காவுக்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவும் ஆள் இல்லை, அழவும் வழி இல்லை. சிவப்பு டிராம் ஏறி ஸ்டூடியோவுக்குப் போனாள். அவர்கள் அவள் பேரை எடுத்துவிட்டு டயான் ஃபெராண்ட் என்று பிரெஞ்சுக்காரி பேர் வைத்தார்கள். வியன்னாவில் ஒரு கர்னலின் மகள், குதிரைகளோடு வளர்ந்தவள் என்று சினிமாப் பத்திரிகையில் போட்டார்கள். மீன் டப்பா ஃபேக்டரியில் என் அம்மாவோடு வேலை பார்த்த ஒரு பெண் அதை வாய்விட்டு வாசித்தாள். அன்று சாயங்காலம் பெரியம்மா டிங்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடி இந்தக் கர்னல்?"

"ஸ்டூடியோக்காரங்க வச்சதும்மா. படம் ஓடணும்ல."

"உங்கப்பா வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நீங்க இல்லாத நேரத்துல ஒரு கர்னல் வந்துட்டுப் போனான்னு சொல்லட்டுமா?"

டிங்கா சிரித்துவிட்டாள். பெரியம்மா சிரிக்கவில்லை.

ஊமைப் படம் இருந்தவரை அவளுக்கு நல்ல காலம். நீண்ட கழுத்து, எங்கள் குடும்பத்துக் கறுப்புக் கண், உதட்டைச் சுழித்து ஒரு பார்வை பார்த்தால் போதும். பிறகு படம் பேச ஆரம்பித்தது. பல்லுக்கு நடுவே தக்கையை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேசப் பழக்கினார்கள். தக்கைதான் தேய்ந்தது, எங்கள் தீவு அவள் நாக்கைவிட்டு இறங்கவில்லை. சீமாட்டி வேஷம் போட்டவளுக்குச் சீமாட்டியின் வேலைக்காரி வேஷம் வந்தது. பிறகு கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் போகிற வேலைக்காரி. அந்த வருஷத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது, புதுசாக எழுத மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் ஹோல்கம் என்ற டைரக்டர் ஒரு மீனவர் கதை எடுத்தார். எந்த நாடு என்று அவருக்கே தெரியாது. டிங்காவுக்கு அதில் ஒரே ஒரு காட்சி: புருஷனைப் படகுப்பாயில் பிணமாகத் தூக்கி வருவார்கள், இவள் அழ வேண்டும். பின்னால் நிற்க மீன்காரப் பெண்கள் வேண்டும் என்றார்கள். டிங்கா எங்களைச் சொல்லிவிட்டாள். அதற்குள் வளர்ந்து வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த நான், தோமா வீட்டு ஃபீலா, இன்னும் நாலைந்து பேர், ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் ஏப்ரனோடு போனோம். துணி கொடுக்கிறவன் எங்களை மேலும் கீழும் பார்த்தான். இது மீன்காரி மாதிரி இல்லை என்று எங்கள் ஏப்ரனைக் கழற்றச் சொல்லிவிட்டு, புது ஏப்ரனைக் கத்தரிக்கோலால் கிழித்துக் கொடுத்தான். ஃபீலா, "கிழிச்சவன் காசு தருவானா, கட்டினவ தரணுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

பிணமாகப் படுத்திருந்தவன் நல்ல பையன். சூயிங்கம் மென்றுகொண்டே படுத்திருந்தான். கேமரா ஓடும்போது மட்டும் தாடையை நிறுத்துவான். டிங்கா இரண்டு மூன்று தடவை அழுது பார்த்தாள். ஹோல்கம் தலையை ஆட்டினார்.

"கண்ணீர் பத்தாது டயான். சத்தம் வேணும். உன் பாஷையிலயே ஏதாவது சொல்லி அழு. யாருக்குப் புரியப்போகுது?"

டிங்கா கொஞ்ச நேரம் அந்தப் படகுப்பாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மண்டியிட்டாள்.

"என்னப் பெத்த அப்பா, நிக்ஷா... பார்த்துல் வீட்டுத் தலைச்சனே... ஃப்ராங்கா மடியில வளந்தவரே, ஒத்தக்கண்ணு ஸானே பேரனே... உங்க வெள்ளப் படகு தீவுக் கரையில காயுதே, உங்க கொடிக்குத் தண்ணி இல்லையே... என்னத் திட்டவாவது ஒருக்காத் திரும்பி வரலியே..."

அது போய்க்கொண்டே இருந்தது. எங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தி எடுத்தால் மற்றவர்கள் பின்னால் வாங்குவது எங்கள் வாய்க்குப் பழக்கம். ஃபீலா வாங்கினாள், நாங்களும் வாங்கினோம். மார்பில் அடித்துக்கொண்டு, "ஓ நிக்ஷா, ஓ எங்க நிக்ஷா" என்று ஸ்டூடியோவின் தகரக் கூரை அதிர அழுதோம். சூயிங்கம் பையன் பிணமாகவே படுத்துக்கொண்டு கண் கலங்கினான்.

கேமரா நின்றது. ஹோல்கம் ஓடிவந்து டிங்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் ஃபீலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடியே, அவ அம்மா இன்னும் தட்டு வச்சிட்டிருக்காளேடி. அவளுக்கு முன்னால நாம எடுத்துட்டமேடி!"

டிங்கா எழுந்திருக்கவில்லை. முகத்தில் பூசியிருந்ததெல்லாம் வழிந்து கழுத்தில் நின்றது. யாருக்கும் புரியாது என்று ஹோல்கம் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள். படம் சான் பீட்ரோவுக்கும் வரும், புரிகிற ஊர் அமெரிக்காவிலேயே அது ஒன்றுதான் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. டிராம் ஏறித் திரும்பி வந்தோம். ஃபீலா பேசாமல் வந்த டிராம் அது ஒன்றுதான்.

மறுநாளே டிங்கா ஹோல்கமைப் போய்ப் பார்த்தாள். அழுகைச் சத்தத்தை எடுத்துவிட்டு மேலே ஏதாவது இசை போடும்படி கெஞ்சினாள். அவர் சிரித்தார். மேலே இருப்பவர்கள் படத்தைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, அந்தச் சத்தத்துக்காகத்தான் ஏழு வருஷக் கான்ட்ராக்ட் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"சத்தம் போனா?"

"சத்தம் போனா நீயும் போக வேண்டியதுதான். யோசிச்சிட்டு வா. இசை போடணும்னா அடுத்த வாரத்துக்குள்ள சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியம்மா வீட்டில் சாப்பாடு. நெத்திலியும் வெங்காயமும் வைத்துச் சுட்ட ரொட்டி. நான் இந்தப் பக்கம், டிங்கா அந்தப் பக்கம், நடுவே பெரியப்பாவின் தட்டு. டிங்கா ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி முழிக்கிற? முள்ளு மாட்டிக்கிச்சா?"

டிங்கா சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்காமல், எந்தப் பேர் சொல்லி எப்படி எடுத்தாள் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ இருந்தியா காத்தே?"

"இருந்தேன் பெரியம்மா."

"பின்னால வாங்கினியா?"

"வாங்கினேன்."

"ம்."

பெரியம்மா எழுந்து போய் எரியாத அடுப்பைக் கிளறினாள்.

"நாளைக்கே போயி எடுத்துடச் சொல்றேம்மா," என்றாள் டிங்கா. "யாரும் கேக்க மாட்டாங்க. நீ எப்பவும் போல இரு."

"எடுத்தா உன் வேலை?"

"போகும். போகட்டும். காத்தே கூட மீன் டப்பா அடைக்கப் போறேன்."

"உன் கையப் பாரு. மத்தி உன்னப் பாத்துச் சிரிக்கும்." பெரியம்மா திரும்பி நின்றாள். "எனக்கு அதக் கேக்கணும். கேட்டுட்டுச் சொல்றேன்."

பெரியம்மா பூப்போட்ட தலைத்துணியோடுதான் ஸ்டூடியோவுக்கு வந்தாள். சின்ன இருட்டறையில் முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். இந்தப் பக்கம் டிங்கா, அந்தப் பக்கம் நான். ஹோல்கம் சுவரோரமாக நின்றார். திரையில் நாங்கள் கிழிந்த ஏப்ரனோடு வந்தோம். டிங்கா மண்டியிட்டாள். பெரியம்மாவின் கை மடியில் அசையாமல் இருந்தது. "திட்டவாவது ஒருக்காத் திரும்பி வரலியே" என்று வந்த இடத்தில் மட்டும் தலை லேசாக ஆடியது. இல்லை என்கிற மாதிரி.

விளக்கைப் போட்டார்கள். ஹோல்கமால் பொறுக்க முடியவில்லை. "என்ன சொல்றாங்க?" என்று டிங்காவைக் கேட்டார்.

பெரியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. மகளிடம் சொன்னாள்:

"பாதிதான் இருக்கு."

"என்னம்மா?"

"தீவுலேருந்து கிளம்புன மனுஷனத்தான் அழுதிருக்க. வெள்ளப் படகு, கொடி, துறை. இங்க வந்து என்கூடப் பதினோரு வருஷம் இருந்தாரே, அவரு இதுல இல்ல. நீ என்ன செய்வ. உனக்குத் தெரியாது."

டிராம் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் பெரியம்மா கேட்டாள், "இந்தப் படம் நம்ம தியேட்டருக்கு எப்ப வரும்?"

"குளிர்காலத்துல வரும்மா."

"சரி. வெட்ட வேணாம். வர்ற அன்னிக்கு நான் முதல்ல எடுக்குறேன். நீ பின்னால வா. அப்ப முறை சரியாயிடும்."

டிங்கா பெரியம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். பெரியம்மா பிடிக்கக் கொடுத்துவிட்டு, தூரத்தில் டிராம் வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஆனா அந்தக் கர்னல வெட்டச் சொல்லு."

விளம்பரம் எழுதுகிறவன் தலையில் கைவைத்துக்கொண்டான். பிரெஞ்சுப் பேர் வைத்துக்கொண்டு மீனவர் மகள் என்றால் யார் நம்புவார்கள் என்றான். "ஏன், பிரான்ஸ்ல கடல் இல்லையா?" என்று டிங்கா கேட்டாளாம். கர்னல் போகாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கர்னல் போனார். அந்த ஸ்டூடியோவில் அவள் போட்ட சண்டையில் ஜெயித்தது அது ஒன்றுதான்.

படம் வந்தது பௌர்ணமியை ஒட்டி. நிலா வெளிச்சத்தில் மத்தி பிடிக்கப் போக மாட்டார்கள், அதனால் படகெல்லாம் கரையில், ஆண்களெல்லாம் ஊரில். ஃபீலாவுக்குத் தெரிந்தால் துறைமுகத்துக்கே தெரியும் என்பதால் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காட்சி. நான் கூப்பிடப் போனபோது பெரியம்மா கறுப்பு உடுத்தியிருந்தாள். தட்டைக் கழுவித் தொட்டியோரம் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

தியேட்டரில் எங்கள் சனத்தைத் தவிர வேறு ஆட்களே இல்லை என்று சொல்லலாம். அன்றைக்கு யாரும் பந்தயம் கட்டவில்லை. டிங்கா அம்மா காதருகே குனிந்து, "கதவு திறந்து நாலு பேரு படகுப்பாயில தூக்கிட்டு வருவாங்கம்மா, அப்ப," என்றாள். திரையில் கதவு திறந்தது. பெரியம்மா எழுந்து நின்றாள்.

"நிக்ஷா, என் வீட்டுத் தூணே... அலைக்கு இந்தப் பக்கம் என்னக் கூட்டி வந்தவரே... பதினோரு வருஷம் இந்தக் கரையில என் அடுப்ப அணையாமப் பாத்தவரே..."

குரல் கரகரத்தது. அத்தனை வருஷம் பூட்டி வைத்த குரல். இங்கே அவர் ஓட்டிய படகின் பேர் சொன்னாள். அவர் கையால் போட்ட சமையலறை அலமாரியைச் சொன்னாள், அது இன்னும் சாய்ந்தே இருக்கிறது என்பதையும் சொன்னாள். பிறகு இதைச் சொன்னாள்:

"வியன்னாப் படம் ஊருக்கு வந்ததே... வலை தைக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போனீங்களே... தொப்பிய முகத்துல இழுத்துக் கடைசி வரிசையில உக்காந்து உங்க மகளப் பாத்தீங்களே... ஒரு வாரம் வலை தைச்சீங்களே நிக்ஷா, வீட்டுல ஒரு வலை இல்லையே..."

என் பக்கத்தில் டிங்கா எழுந்துவிட்டாள். "நெசமாவாம்மா?" என்றாள். ஒப்பாரி எடுத்தவளை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது. பெரியம்மா பாட்டை விடாமலே கையை நீட்டி மகள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்போது திரையிலிருந்த டிங்கா தன் ஒப்பாரியை எடுத்தாள். மேலே அந்த டிங்கா தீவில் இருந்த அப்பாவை அழ, கீழே பெரியம்மா இங்கே இருந்த புருஷனை அழ, தியேட்டர் முழுக்கப் பெண்கள் இரண்டுக்கும் சேர்த்துப் பின்னால் வாங்கினார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள்.

ஏதோ கலவரம் என்று நினைத்துத் தியேட்டர்காரன் டார்ச் விளக்கோடு ஓடிவந்தான். ஃபீலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருய்யா. சாவு வீட்டுல மூஞ்சில லைட் அடிக்கிற!"

அவனும் உட்கார்ந்துவிட்டான்.

கீழே என்னருகில் நின்ற டிங்கா அழுத அழுகை மேலே தெரிந்தது போல இல்லை. மூக்கு ஒழுகியது, வாய் கோணியது, விக்கல் வந்தது. எந்தக் கேமராக்காரனும் அந்த முகத்தைப் படம் எடுக்கச் சம்மதித்திருக்க மாட்டான்.

கான்ட்ராக்ட் ஏழு வருஷம் ஓடியது. பிறகு வேறு ஸ்டூடியோக்கள், யுத்த காலத்தில் ஒற்றர்களின் அம்மா வேஷம், டெலிவிஷனில் பக்கத்து வீட்டு வெளிநாட்டுக்காரி. எத்தனையோ பிணங்களுக்கு முன்னால் மண்டியிட்டு அழுதாள். "அந்தப் படத்துல அழுத மாதிரி" என்று டைரக்டர்கள் கேட்பார்கள். பேர் சொல்லி எடுக்க மாட்டாள். "அது ஒருத்தருக்கு எடுத்தது" என்பாளாம். நிறைய வேஷங்கள் அதனாலேயே போயின.

பெரியம்மா போனபோது மகள்தான் முதலில் எடுத்தாள். அதில் பாதி இல்லை, முழுசும் இருந்தது. டிங்கா போனபோது நான் எடுத்தேன். நிக்ஷா மகளே, பெரினா மகளே, பார்த்துல் பேத்தியே என்று வரிசையாகச் சொன்னேன். டயான் ஃபெராண்ட் என்ற பேரையும் ஒரு தடவை சொன்னேன், அதுவும் அவள் உழைத்துச் சம்பாதித்ததுதானே.

அந்தத் தியேட்டரை எப்போதோ மூடிவிட்டார்கள். இப்போது அங்கே கார் டயர் விற்கிறார்கள். எங்களில் மிச்சமிருக்கும் கிழவிகள் அந்த வழியாகப் போனால் டயர்கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று சிலுவை போட்டுக்கொள்வோம். கடைக்காரப் பையன் முதலில் பயந்தான். இப்போது பழகிவிட்டான்.